மாறச் சொல்கிறீர்கள், எதை வைத்து மாறுவது?

“வேலை தேடாதே, வேலை கொடு.” நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாத மேடை இப்போது எதுவும் இல்லை. கல்லூரி வேலைவாய்ப்பு முகாமில் சொல்கிறார்கள். கடன் மேளாவில் வங்கி மேலாளர் சொல்கிறார். ஏப்ரல் 14 அன்று மாலை போட வருகிற எல்லாக் கட்சிக்காரர்களும் இதைச் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறுகிறார்கள். மென்பொருள் என்றால் பேச்சு இன்னும் சூடு பிடிக்கும். நிலம் வேண்டாம், ஆலை வேண்டாம், ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும், திறமை இருந்தால் சாதி குறுக்கே வராது என்பார்கள். அப்படித் தொடங்கிய தொழில் இரண்டு வருடத்தில் மூச்சு வாங்கினால் அதற்கும் ஒரு வசனம் தயார்: “காலத்துக்கேற்ப மாறவில்லை, அதனால்தான்.”

இந்தக் கடைசி வசனத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறு மென்பொருள் தொழிலில் சேவையை மாற்றுவது என்றால் நடைமுறையில் என்ன வேலை, அதற்கு எவ்வளவு செலவு, அந்தச் செலவை யாரால் தாங்க முடிகிறது? இதைக் கேட்டால் இது திறமை பற்றிய பேச்சே அல்ல என்று தெரிந்துவிடும். இது கையிருப்பு பற்றிய பேச்சு. இந்த நாட்டில் யாரிடம் கையிருப்பு இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதைச் சாதிதான் முடிவு செய்து வைத்திருக்கிறது.

பள்ளிப்பட்டிலிருந்தே தொடங்குவோம். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். 1960 ஏப்ரல் 1 அன்று நடந்த எல்லை மாற்றத்தில்தான் இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. கடைத்தெருவில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே பேச்சில் கலந்து வரும். நகரி, புத்தூர் வியாபாரிகள் வந்து போவார்கள். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம். படித்த நம் பிள்ளைகளில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஸ்ரீசிட்டிக்கோ திருப்பெரும்புதூருக்கோ ஒப்பந்தத் தொழிலாளிகளாகப் போகிறார்கள். போக முடியாதவர்களும் போய்த் திரும்பியவர்களுமாகச் சிலர் ஊரிலேயே ஒரு அறை பிடித்துக் கணினித் தொழில் செய்கிறார்கள்.

தொலைக்காட்சியில் ‘ஸ்டார்ட்அப்’ பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொழில் அடையாளம் தெரியாது. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஒருவர் பி.சி.ஏ., இன்னொருவர் பாதியில் நின்ற பாலிடெக்னிக். மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் பில் போடும் மென்பொருள், தனியார் பள்ளிக்குக் கட்டணக் கணக்கு, லுங்கி வியாபாரிக்கு நூல் போன கணக்கும் துணி வந்த கணக்கும், மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல். இடையில் வாசலில் வந்து நிற்கிறவருக்குப் பட்டா நகலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பட்டா நகல்தான் பல மாதங்களில் அறை வாடகை.

இவர்கள் ‘மாறியது’ எப்படி என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றம் கூடியது. 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருள்கள் 5க்கும் 18க்கும் வந்தன. செப்டம்பர் 22 முதல் அமல். இடையில் மூன்று வாரம்கூட இல்லை. சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பற்பசை 18இலிருந்து 5க்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12இலிருந்து 5. பள்ளிக்கூட நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லை. ஆயத்த ஆடையில் முன்பு 1,000 ரூபாயில் இருந்த கோடு 2,500க்கு நகர்ந்தது; அதற்கு மேல் போனால் 18. நாட்டு மக்களுக்கு இது விலைக்குறைப்புச் செய்தி. ஒரு சிறு மளிகைக் கடையின் கணினிக்குள் இது நூற்றுக்கணக்கான பொருள்களின் வரி விகிதத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றும் வேலை. 21ஆம் தேதி வரை விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்திலேயே கழிக்க வேண்டும், ஆகவே பழையதை அழிக்கவும் கூடாது.

பெரிய நிறுவனத்தின் மென்பொருள் என்றால் இணையம் வழியாக ஒரு புதுப்பிப்பை அனுப்பிவிடுவார்கள். நம்முடையவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனார்கள். கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, “போன வருஷம்தானே காசு கொடுத்தேன், இதுக்கும் காசா?” கேட்பதில் தவறில்லை, அவருக்கு அப்படித்தான் விற்கப்பட்டது. ஆக மூன்று வாரம் ஓசி வேலை. அந்த மூன்று வாரத்தில் புது வேலை எதையும் எடுக்க முடியாது. வாடகை நிற்காது, வண்டித் தவணை நிற்காது. பெட்ரோலும் கைக்காசு. ‘காலத்துக்கேற்ப மாறுவது’ என்பதன் அர்த்தம் இதுதான்: வருமானம் இல்லாமல் சில வாரமோ சில மாதமோ வேலை செய்வது. அந்த மாதங்களுக்கு யாராவது சோறு போட வேண்டும். அப்பா பெயரில் நிலம் இருந்தால் நிலம் போடும். மாமனார் வீட்டில் கடை இருந்தால் கடை போடும். கூலி வீட்டுப் பிள்ளைக்கு எது போடும்?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. பாபாசாகேப் அம்பேத்கரையே இது துரத்தியிருக்கிறது. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து லண்டனிலிருந்து திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போய், தங்க இடம் கிடைக்காமல் விரட்டப்பட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பம்பாயில் என்ன செய்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. தனிப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பங்கு வர்த்தகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், அந்த நகரத்தில் அவரைவிடத் தகுதியான ஆலோசகர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? முதலில் ஆட்கள் வந்தார்கள். தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வரவு நின்றது. நிறுவனம் மூடப்பட்டது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்குப் போனார். 1920இல் அதை விட்டுவிட்டு மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். 1923இல் திரும்பி வந்து வழக்கறிஞராகப் பதிவு செய்தார். வழக்குகள் போதுமான அளவு வராததால் 1925 முதல் 1928 வரை பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

இன்றைய தொழில் பயிற்சியாளர்களின் பேச்சில் சொன்னால், பத்தாண்டுகளில் நாலைந்து முறை ‘சேவையை மாற்றிக்கொண்டவர்’ அவர். எப்படி முடிந்தது? அறிவினால் மட்டும் முடியவில்லை. சிடன்ஹாம் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, பார்சி நண்பர் நவல் பத்தேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடன். இந்த மூன்றும் இல்லாமல் 1920இன் லண்டன் பயணம் இல்லை. அவ்வளவு பெரிய அறிவுக்கே மாறுவதற்குக் கையிருப்பு தேவைப்பட்டது. நம்மை மட்டும் வெறுங்கையோடு மாறச் சொல்கிறார்கள்.

அடுத்த உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தொழில் மேடைகளில் அடிக்கடி காட்டப்படுவதும் அதுதான். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், இன்றைய ஸோஹோ. தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருள் விற்றது. 2000, 2001இல் அமெரிக்காவில் டாட்காம் குமிழி உடைந்தபோது அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் காணாமல் போனார்கள். நிறுவனம் கலையவில்லை. இருக்கிற பொறியாளர்களை வைத்துக்கொண்டு சாதாரண நிறுவனங்களின் கணினித் துறைகளுக்கான ‘மேனேஜ்எஞ்சின்’ பக்கம் திரும்பியது. 2005இல் இணையவழி அலுவலகச் செயலிகளைத் தொடங்கியது. 2009இல் பெயரையே ஸோஹோ என்று மாற்றிக்கொண்டது. வெளி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்காமல் இதைச் செய்தார்கள் என்பது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய விஷயம். பட்டப்படிப்பு இல்லாத மாணவர்களை எடுத்து உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிப்பதும் நல்ல காரியமே. நமக்குப் பிடிக்காத அரசியலை அதன் நிறுவனர் பேசுகிறார் என்பதற்காக இவற்றை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் நடுப்பகுதியை விழுங்கிவிடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் போன பிறகும் பொறியாளர்களுக்குச் சம்பளம் போயிருக்கிறது. புதுப் பொருள் செய்து அது விற்கிற வரை நிறுவனம் தாக்குப்பிடித்திருக்கிறது. நல்ல நாளில் சேர்த்தது கையில் இருந்தது, அதனால் யோசிக்கக் காலம் கிடைத்தது. அந்த முதல் நல்ல நாளை உண்டாக்கிய தொடர்புகளும் சும்மா வந்துவிடவில்லை. சென்னை ஐஐடி, பிரின்ஸ்டன், குவால்காம் என்று போகிற பாதை அது. 2011இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்து கிராமத்துக்குத் திரும்புங்கள் என்று சொன்னபோது கைதட்டியவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கிராமம்? ஊரா, சேரியா? கிராமத்துக்குத் திரும்புவது சிலருக்கு வீட்டுக்குத் திரும்புவது. சிலருக்கு இரட்டைக் குவளைக்குத் திரும்புவது.

சாதி பார்க்காத தொழில் என்ற பேச்சுக்கு இங்கே ஒரு சின்னப் பதில் சொல்லிவிட்டு நகரலாம். 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று, சிஸ்கோவில் தலித் பொறியாளர் ஒருவர் மீது சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக வழக்குப் போட்டது. 2023இல் மேற்பார்வையாளர்கள் இருவர் மீதான வழக்கைக் கைவிட்டது. நிறுவனத்தின் மீதானதை விடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். கடல் கடந்து போன சாதி நகரி ரோட்டைத் தாண்டாதா?

அது எப்படி வருகிறது என்றால், பில்லில் வருகிறது. ஜிஎஸ்டி ரசீதில் முகவரி போட்டாக வேண்டும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார், நல்லது. ஆனால் தெருவின் பெயர் மாறினாலும் அது எந்தத் தெரு என்று ஊருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பக்கத்து ஊர்க் கடை ஒன்றுக்கு ஆறு மாதம் பில்லிங் மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தார். வருடப் பராமரிப்புக்கு ரசீது கொடுத்தார். அடுத்த வாரம் முதல் அவரை அழைக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. “வேற ஆளு பாத்துக்கிறாங்க தம்பி” என்பதோடு சரி. இதை எந்தச் சட்டத்தின் கீழ் வழக்காகப் போடுவீர்கள்? வாடிக்கையாளர் யாரிடம் வாங்க வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று சொல்லிவிடுவார்கள். 1918இல் பம்பாயில் நடந்ததும் இதேதான், அங்கேயும் யாரும் அடிக்கவில்லை.

இதனால் நம்மவர்கள் எங்கே தள்ளப்படுகிறார்கள் என்று பாருங்கள். உள்ளூர் வாடிக்கையாளர் நிலைக்காததால் சென்னையில் இருக்கிற ஏதோ ஒரு நிறுவனத்திடம் துண்டு வேலை வாங்குகிறார்கள். ஒரு திரை செய்து கொடு, ஒரு பிழை திருத்திக் கொடு, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு. நெசவுப் பகுதியில் இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: கூலி நெசவு. தறி நெசவாளியுடையது, கரண்டு பில் நெசவாளியுடையது, முதுகுவலியும் அவருடையது. பாவும் நூலும் வியாபாரியுடையது, நெய்து முடித்த துணியும் வியாபாரியுடையது. மடிக்கணினியில் செய்தால் மட்டும் அது ‘சுயதொழில்’ ஆகிவிடுமா? கூலி நெசவு செய்கிறவர் தன் சேவையை மாற்ற முடியாது. அடுத்த பாவு எந்த நிறம் என்பதை வியாபாரி சொல்வார்.

இதற்கு மாற்று இருக்கிறதா? கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் ஒரு பதில் நூறு ஆண்டுகளாக இருக்கிறது. வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் ஆத்மவித்யா சங்கத்தில் சேர்ந்து சாதிக்கும் சடங்குக்கும் எதிராக நின்ற கூலித்தொழிலாளர்களுக்கு நிலக்கிழார்கள் வேலை தர மறுத்தார்கள். அவர்களில் 14 பேர் சேர்ந்து 1925இல் கூலிவேலைக்காரர்களின் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். முதலில் கல் உடைத்தல், வரப்பு, சாலை. பிறகு பாலங்கள், கட்டடங்கள். இன்று கோழிக்கோட்டில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சைபர் பார்க் இருக்கிறது, மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களின் சங்கம் மென்பொருள் சேவைக்கு மாறியது. சேவையை மாற்றிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தென்னிந்தியாவில் எங்களுக்குத் தெரியவில்லை.

இதைத் தலித் சங்கம் என்று சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது, அது அப்படித் தொடங்கவில்லை. கேரள அரசு அந்தச் சங்கத்துக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டுகிறது என்ற விமர்சனமும் அங்கே உண்டு. இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. கையிருப்பு தனி ஆளுடையதாக இல்லை, சங்கத்துடையதாக இருந்தது. ஆகவே ஒரு வேலை போய் இன்னொன்று வருகிற வரை சங்கம் தாங்கியது. அரசு வாங்குபவராக நின்றது. ஆகவே ஊர்க்காரர் வேலை தராவிட்டாலும் வேலை இருந்தது. ஸோஹோ கதையைவிட நமக்கு இந்தக் கதைதான் பக்கத்தில் இருக்கிறது. மேடைகளில் ஏன் இது சொல்லப்படுவதில்லை என்று யோசியுங்கள்.

முதலில் நம் கையிருப்பைப் பேசுவோம். நமக்கும் கையிருப்பு கொடுக்கப்பட்டது, பிறகு பறிக்கப்பட்டது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வங்கியில் பிணையம் கேட்கும்போது நாம் வெறுங்கையோடு நிற்பதற்கும் அந்த நில அபகரிப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் வரையான கடனுக்குப் பிணையமே கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. கேட்காத கிளையைக் கண்டுபிடித்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் ஸ்டாண்ட்அப் இந்தியா 2016இல் வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு எஸ்.சி. அல்லது எஸ்.டி. தொழில்முனைவோருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 35 சதவீத மானியம், 1.5 கோடி வரை, அதோடு 6 சதவீத வட்டி மானியம். இதைப் பயன்படுத்தி முன்னேறியவர்கள் இருக்கிறார்கள், திட்டத்தைக் குறை சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் திட்ட அறிக்கை என்றதும் வங்கியின் கண் இயந்திரத்தின் கொட்டேஷனைத்தான் தேடுகிறது. லாரிக்குக் கொட்டேஷன் உண்டு, செங்கல் சூளைக்கு உண்டு. மென்பொருள் தொழிலில் இயந்திரம் என்பது நாலு மடிக்கணினி. உண்மையான முதலீடு ஆட்களின் எட்டு மாதச் சம்பளம். அதற்கு யாரும் கொட்டேஷன் தர மாட்டார்கள். ஆகவே நம் கோரிக்கையைக் கூர்மையாக வைக்க வேண்டும்: மென்பொருள், சேவைத் தொழில்களுக்குச் சம்பளச் செலவையே முதலீடாக ஏற்றுக் கடனும் மானியமும் கொடு.

நமக்குள்ளேயே செய்யக்கூடியதும் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஐந்தாறு சிறு கணினித் தொழில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சு விடுகிறது. மாதம் ஒரு சிறு தொகை பொதுவில் போட்டு வைத்தால், ஒருவர் புதுச் சேவைக்கு மாறுகிற மாதங்களில் அவருக்கு அதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியும். சீட்டு பிடிப்பது நமக்குத் தெரியாததா? 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் நம் அம்மாக்கள் கடன் கணக்கை எழுதிக் காட்டியவர்கள்தானே. பில்லிங் மென்பொருளை ஒரே தடவைக் காசுக்கு விற்பதை எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். ஒருவர் மட்டும் நிறுத்தினால் கடைக்காரர் அடுத்தவரிடம் போவார். ஐவரும் வருடப் பராமரிப்புக் கட்டணம் கேட்டால் கொடுப்பார். அடுத்த தடவை வரி விகிதம் மாறும்போது அந்த மூன்று வாரம் ஓசி வேலையாக இருக்காது. தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பில்லை அடிக்கிற வசதி இந்த எல்லைப் பகுதிக்கு வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அது சில்லறைச் சந்தை, நமக்கு அது வயல்.

வராத பணத்தையும் கேட்டு வாங்கப் பழக வேண்டும். சிறு, குறு நிறுவனத்திடம் சேவை வாங்கினால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை வாங்கியவர் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இந்தக் கடைசி விதியை ஆடிட்டர் வழியாகச் சொல்லுங்கள், வேலை செய்கிறது. சாதி ஊரில் நம் பையன் நேராகப் போய்ச் சட்டம் பேசினால் என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியும், அதனால்தான் ஆடிட்டர் வழி என்கிறோம். உத்யம் பதிவை முதல் வேலைக்கு முன்பே செய்துவிடுங்கள். பின்னால் பதிந்தவர்களின் வழக்குகள் நீதிமன்றங்களில் தடுமாறியிருக்கின்றன. பதிவு இலவசம். அதற்கும் புரோக்கருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் போதாது. பெரிய விஷயம் அரசு வாங்குபவராக நிற்பது. ஊர்க் கடை மறுக்கலாம், அரசு மறுக்கக் கூடாது. ஒன்றிய அரசின் 2012 பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களிடமிருந்து. மொத்தத்தில் 25ஐத் தாண்டிவிட்டோம் என்று ஆண்டுதோறும் பெருமையாகச் சொல்வார்கள். நமக்கான 4 சதவீதம் பல ஆண்டுகளில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. காரணம் கேட்டால், “தகுதியான நிறுவனங்கள் விண்ணப்பிக்கவில்லை.” இடஒதுக்கீட்டில் காலிப் பணியிடங்களுக்குச் சொன்ன அதே பதில், எழுத்து மாறாமல். மூன்று ஆண்டு விற்றுமுதல் காட்டு, முன் அனுபவம் காட்டு என்று டெண்டரில் கேட்டுவிட்டு, வரவில்லை என்கிறார்கள். அந்த நிபந்தனையைத் தளர்த்த அதிகாரிக்கு விதி இடம் தருகிறது. தளர்த்தலாம் என்கிறது, தளர்த்த வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ‘லாம்’ விகுதியில்தான் நம் 4 சதவீதம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கர்நாடகத்தில் 2017இல் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் எஸ்.சி., எஸ்.டி. ஒப்பந்ததாரர்களுக்குச் சட்டப்படி ஒதுக்கீடு வந்தது. முதலில் 50 லட்சம் வரையான வேலைகளுக்கு, பிறகு 1 கோடி வரை. அது கட்டுமானத்துக்கு. மென்பொருளும் சேவைகளும் சேர்ந்த ஒரு சட்டம் தமிழ்நாட்டில் வேண்டும். ஊராட்சி ஒன்றியத்துக்கும் பேரூராட்சிக்கும் அரசுப் பள்ளிக்கும் தேவைப்படும் சிறு மென்பொருள் வேலைகளை மாவட்டத்துக்குள்ளேயே, நம் இளைஞர்களின் குழுக்களிடமிருந்து வாங்கு என்று கேட்க வேண்டும். சமூகநீதி பேசுகிற அரசிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

அதுவரை கையில் இருக்கிற 4 சதவீதத்தைப் பிடித்து உலுக்குவோம். திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒன்றிய அரசுக்குச் சொந்தமானவையும் அதன் பொதுத்துறை பங்குபெற்றவையுமாகப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன: எண்ணூரில் காமராஜர் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. கல்லூரியில் படிக்கிற தோழர்கள் ஆளுக்கொரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்விகள் போதும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் உங்கள் மொத்தக் கொள்முதல் எவ்வளவு, அதில் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களிடம் வாங்கியது எவ்வளவு? கணினி, மென்பொருள், தரவுப் பணிகளுக்கான டெண்டர்களில் எத்தனையில் விற்றுமுதல், முன் அனுபவ நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன? தளர்த்த மறுத்த கோப்புகளில் எழுதப்பட்ட காரணத்தின் நகல் வேண்டும். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. பதில் வந்ததும் ஒரு நகலை எங்களுக்கு அனுப்புங்கள். பள்ளிப்பட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க ஆள் இருக்கிறது, கணினியும் இருக்கிறது.